எந்த நோய்க்கு?

"தாமரை விதையா, எந்த நோய்க்கு?" என்றார்
கீழமாசி வீதி நாட்டுமருந்துக் கடைக்காரர்.
நோய்க்கில்லை, அண்ணிக்கு என்றேன்.
"அண்ணிக்கு என்ன நோய்?"
தராசைத் துடைத்தபடியே கேட்டார்.

கால் கிலோ. பைக்குள் கூழாங்கல் சத்தம்.
மாட்டுத்தாவணியில் மொட்டு எத்தனை வேண்டுமானாலும் உண்டு,
காய்க்கும்வரை எவரும் விட்டுவைப்பதில்லை.
பொற்றாமரைக் குளத்தில் நிற்பதோ
தகட்டுப் பூ. அதனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது.

பினாங்கிலிருந்து அண்ணன் துளசிராம்
செய்முறையைக் குரலாக அனுப்பியிருந்தான்,
நடுவே ஒரு பஸ் ஹாரன், நடுவே அவன் இருமல்:
ராத்திரியே ஊறவை.
முதலில் வெறும் தண்ணீரில் வேகவை.
கற்கண்டு கடைசியில்தான்.
இனிப்பு முந்திக்கொண்டால் விதை வேகாது,
எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே கிடக்கும்.
அப்புறம், அம்மா
என்பதோடு பதிவு நின்றிருந்தது.

அவன் சொன்ன சிவப்புப் பழம்
இலந்தைக்கு ஒன்றுவிட்ட சொந்தமாம்.
பள்ளிக்கூட வாசல் தள்ளுவண்டியில்
காய்ந்த இலந்தை நூறு கிராம் வாங்கினேன்.
வெள்ளைக் காளான் கேட்டதற்கு
மூன்று கடைகளில் சிரித்தார்கள்.
போகட்டும், அது இல்லாமலே ஆகட்டும்.

காலையில் விதைகள் ஊதி, நடுவே விண்டு,
ஒவ்வொன்றின் உள்ளும் பச்சையாய் ஒரு முளை.
கசக்கும், ஒன்று விடாமல் எடுத்துவிடு,
அதுவும் குரலில் இருந்தது.
பல்குத்தும் குச்சி நாலாவது விதையில் ஒடிந்தது.
இன்னும் இருநூறாவது இருக்கும்.

ஒன்பது வருஷமாய் அண்ணியின் பெயரை
வாயில் எடுக்காத அம்மா
சீரியல் விளம்பரத்தில் எழுந்து வந்தாள்.
தாலியில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள்.
குக்கர் மூடியை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு
குத்தினாள், இழுத்தாள், குத்தினாள்.
"இதைப்போய் யாரு திம்பா"
எங்கள் வீட்டுப் பாஷையில் சொன்னாள்,
கேள்வி மாதிரி இல்லை.
சீரியல் முடிந்து செய்தி வந்தது.
செய்தியும் முடிந்தது.

எதிர்வீட்டு ருக்மா எட்டிப் பார்த்து,
"பாயாசத்துக்குப் பால் விட மறந்துட்டியாடி?"

அப்பா விமான நிலையத்துக்கு வரவில்லை.
ஆட்டோவுக்குப் பணம் மட்டும்
டிவி மேல் வைத்திருந்தார், சரியாய் எண்ணி.

சியூ லான் சுடிதார் போட்டிருந்தாள்.
துப்பட்டா நிற்காமல் நழுவியது,
ஒரு கையால் பிடித்தபடியே காலைத் தொடக் குனிந்தாள்.
அம்மா பின்னால் நகர்ந்ததில்
நாற்காலி அப்பாவை இடித்தது.

டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.
இலந்தைக் கொட்டையைத் துப்ப இடம் தேடினாள்,
உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டாள்.
"நல்லா இருக்கு," பழகிக்கொண்டு வந்த தமிழ்.
பிறகு ஒரு விதையைக் கரண்டியில் பிளந்து
அண்ணனிடம் ஏதோ கேட்டாள்.
அந்தப் பச்சையை என்ன பண்ணீங்க என்கிறாள், என்றான்.

தொட்டிமேட்டில் மூடியோடு அப்படியே கிடந்தது.
எறும்புகூட அண்டவில்லை.
ஒரு சிட்டிகை எடுத்து
ஃபிளாஸ்க் வெந்நீரை ஊற்றினாள்.
விளக்கெண்ணெய் நிறத்துக்கு வந்தது தண்ணீர்.
தூக்கம் வருமாம்; அவள் அம்மா
படுக்குமுன் இதைத்தான் குடிப்பாளாம்.

ஒரு வாய் குடித்துவிட்டு நீட்டினாள்.
அம்மா எச்சில் பார்ப்பவள்.
வாங்கினாள். அண்ணாந்து குடித்தாள்.
"பாகற்காயே தேவலை"
என்று முகம் சுருங்கியவள்
டம்ளரைத் திருப்பித் தரவில்லை.

நாங்கள் மற்றவர்கள் இனிப்பை முடித்தோம்.
அப்பா அரை டம்ளர் என்று கேட்டு
இரண்டு தடவை கேட்டார்.

காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்த அண்ணியின் துப்பட்டா
நழுவாமல் நின்றது.
தோளில் ஓர் ஊக்கு,
முனையில் காய்ந்த பச்சை கொஞ்சம்.